பாதி பாதி

கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்தியாயிற்று.
இனி இந்தத் தெரு கால்களுக்கு மட்டும்.
கருங்கல்மேல் உட்கார்ந்து
கணக்கு நோட்டைப் பிரிக்கிறோம்.

நாற்பது பக்கம்,
முத்தியால்பேட்டையில் வாங்கியது.
பின்னட்டையில் வாய்ப்பாடு இருக்கிறது,
போன ஊர் எதிலும் அது உதவவில்லை.

ஒதீல் படிக்கிறாள், நான் கூட்டுகிறேன்.

பாங்காக், மழைக்கோட்டு இரண்டு, நூறு பாட்.
ஒன்று பஸ்ஸிலேயே போய்விட்டது,
யாருடையது என்பது இன்னும் தீரவில்லை.

பினாங்கு, இட்லி.
"அவ்வளவு தூரம் போய் இட்லியா?"
எழுதினது நீதான், கையெழுத்தைப் பார்.
அன்று உனக்குக் காய்ச்சல்,
வேறெதுவும் இறங்கவில்லை.
எந்த ஊர் என்று கேட்டார் கடைக்காரர்.
பாண்டி என்றதும்
இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.
அது கணக்கில் இல்லை.

புனோம் பென், துக்துக், மூன்று டாலர்.
அடித்திருக்கிறது.
அடித்தது நான்.
அன்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
தனித்தனியாக ஆற்றைப் பார்க்கப் போய்
ஒரே படிக்கட்டில் முட்டிக்கொண்டோம்.
நடந்தே திரும்பியதால் செலவு இல்லை.

சைகோனில் சுழியங்கள் அதிகம்.
ஒரு காப்பி முப்பதாயிரம்.
பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் என் அத்தை
இதைக் கேட்டுவிட்டு
"அங்கே எல்லாரும் லட்சாதிபதியா?" என்றாள்,
வஞ்சிரத்தை நறுக்கிக்கொண்டே.

மாரியம்மன் கோயில், ஊதுபத்தி.
அந்த ஊரில் சுவரில் நெற்றியை வைத்து
கல்லிடம் முணுமுணுக்கிறார்கள்.
ஞாயிறு பூசை தவறாத ஒதீலும் வைத்தாள்.
அவள் செருப்போடு நான் வெளியே நின்றேன்.
என்ன கேட்டாய்?
"தமிழில்தான் கேட்டேன்,
அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்."

நேம், எட்டு.
அவள் வீட்டில் பொரிப்பது போல இல்லையாம்.
சொல்தாவாகப் போன யாரோ ஒரு பெரியப்பா
அந்த ருசியை டிரங்குப் பெட்டியில் போட்டு
பூட்டிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி
அந்த ஊர்க்காரர்கள்மேல் வருத்தப்பட்டாள்.

நடுவில் ஒரு பக்கம்
மீன்சாறு பட்டு ஒட்டிக்கிடந்தது.
நகத்தால் பிரித்தோம்.

விசா, இருபத்தைந்து டாலர்.

அவள் பாஸ்போர்ட் கருஞ்சிவப்பு, எனது கருநீலம்.
ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம்,
ஒரே வருஷம் அம்மை போட்டது.
எப்போதோ ஒரு தாளில்
அவர்கள் வீட்டில் கையெழுத்துப் போட்டார்கள்.
எங்கள் வீட்டில் அன்று
வலை இழுக்கப் போயிருந்தார்களாம்.

எல்லையில் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.
முத்திரை, அவ்வளவுதான்.
என்னிடம் ஓட்டல் பேர்,
திரும்பும் டிக்கெட், கையில் எவ்வளவு,
அப்புறம், அந்தப் பக்கமாக நில்.

கண்ணாடிக்கு அப்பால் ஒதீல்.
முதுகில் தன் பை, மார்பில் என் பை,
நிறைமாதக்காரி மாதிரி பின்னால் சாய்ந்து.
பஸ் ஆரன் அடித்தது. அவள் ஏறவில்லை.
மறுபடி அடித்தது. டிரைவரிடம்
பாண்டிச் சண்டை ஒன்று போட்டாள்.
ஒரு மணி நேரம் அவள் உட்காரவே இல்லை.

அன்றிரவு எழுதியிருக்கிறாள்:
விசா, பாதி எனக்கு.
நான் அடித்திருக்கிறேன்.
கீழே மறுபடி எழுதியிருக்கிறாள்.
மறுபடி அடித்திருக்கிறேன்.
அழுத்தி அழுத்தி அந்த இடம் கிழிந்து
ஓட்டை வழியே
பின்பக்கத்து நேம் தெரிகிறது.

இப்போது பேனாவைத் தேடுகிறாள்.
வேண்டாம், ஒதீல்.

செப்டம்பரில் லியோன் போகிறாள், வேலைக்கு.
நீயும் வா என்றாள் நேற்று.
அதற்கும் ஒரு வரிசை உண்டென்று நான் சொல்லவில்லை.
சொன்ன பிறகு அவளும்
கொஞ்ச நேரம் கடலையே பார்த்தாள்.

சுண்டல்காரப் பையன் வந்து நிற்கிறான்.
ஒரு பொட்டலம் இருபது ரூபாய்.
பையைத் துழாவுகிறாள்,
பாட் வருகிறது, ரிங்கிட் வருகிறது,
ரூபாய் வரவில்லை.
நான் கொடுக்கிறேன்.

"எழுது" என்கிறாள், வாய் நிறையச் சுண்டலோடு.

காற்றுக்குப் பக்கம் நிற்கவில்லை.
முழங்கையால் அழுத்திக்கொண்டு
எழுதுகிறேன்:
சுண்டல், ஒதீல், பத்து.