பல் பட்ட இடம்

வெள்ளிக்கிழமை சோர் பஜாருக்கு
ஆறரைக்கே போய்விட வேண்டும்.
ஏழரைக்குள் புணேக்காரர்கள் வந்து
நல்லதையெல்லாம் அள்ளிவிடுவார்கள்.
இலியாஸ் பாய் எனக்கென்று ஒரு பிஸ்கட் டின்னை
தையல் மெஷினுக்குப் பின்னால் மறைத்திருந்தார்.
"கப்பல் இருக்கு டாக்டர்" என்றார் இந்தியில்.
குலுக்கிப் பார்த்தேன்.
பத்தொன்பது வருடமாகக் குலுக்குகிறேன்,
சத்தத்திலேயே தெரியும்:
பீரங்கி உண்டு, நங்கூரம் உண்டு,
பாய்மரம் பாதிதான்.

விலை கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.
அதைச் செய்யாதீர்கள் என்றுதான்
சயானில் தினமும் பதினைந்து பேருக்குச் சொல்கிறேன்.

செங்கல் என்றே சொல்லிப் பழகிவிட்டது இவற்றை.
நீலச் செங்கல். கறுப்புச் செங்கல்.
வெளிச்சம் ஊடுருவும் பச்சைச் செங்கல்.
சிவப்பே இல்லாததற்கும் அதே பெயர்,
தமிழ் இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை.

வெள்ளைதான் வெள்ளையாக இல்லை.
யார் வீட்டு ஜன்னலோரத்திலோ
முப்பது வருட வெயில் குடித்து
டீக்காரர் முன்பல் நிறத்துக்கு வந்திருந்தது.
அதற்கு மருந்து என்னிடம் உண்டு,
கல்யாணத்துக்கு முந்தின வாரம்
பெண்களின் பல்லில் பூசுகிற அதே பெராக்சைடு.
"இந்த மாசம் ஒரு கல்யாணப் பொண்ணும் வரல,
பாட்டில் மட்டும் காலி" என்றாள் சுரேகா.
கொள்ளையடித்தது யாரென்று
நான் வாய் திறக்கவில்லை.

ஜூலை மாதச் செம்பூரில் வெயில் ஏது.
ஞாயிறு முழுக்க மொட்டைமாடியில் நின்றேன்,
கண்ணாடிக் கிண்ணத்தில் கப்பலின் பின்கட்டோடு.
மேகம் விலகிய பதினோரு நிமிடம் வெயில்,
பிறகு தூறல், பிறகு குடை, எனக்கல்ல, கிண்ணத்துக்கு.
"அப்பளமா?" என்றார் காரேக்கர் ஆன்ட்டி.
"கப்பல்" என்றேன்.
அவர் கொடியிலிருந்த புடவையை எடுத்துக்கொண்டு
கீழே போய்விட்டார்.

துணிப்பாயைத் துவைக்கவில்லை.
சிவப்புக் கோடு கரைந்துவிடும்.
கேப்டனுக்குக் கொக்கிக்கை இருந்தது, ஒரு கண்ணில் கட்டு,
கட்டைக்கால்.
சிரிப்பு வெறும் கோடு.
அந்தக் காலத்து முகங்களுக்குப்
பல் வரையவே இல்லை, பாவம்,
எனக்கு வேலையில்லை.

இருந்தது வேறோர் இடத்தில்.
ஒன்றோடொன்று ஒட்டிப்போன
இரண்டு மெல்லிய கறுப்புத் தகடுகள்,
விளிம்பில் சின்னச் சின்னப் பள்ளம்.
விளக்கைத் தாழ்த்திப் பார்த்தேன்.
மேல்தாடை, இடது பக்கம், பால்பல்.
அதற்கு அடுத்து ஓர் இடைவெளி,
அதற்கு அடுத்து மறுபடி பல்.
ஆறரை வயது, ஏழு தாண்டாது.
முன்பல் விழுந்திருக்கிறது, முளைக்கவில்லை.
மீதிப் பல்லால் பிரிக்கப் பார்த்து
முடியாமல் விட்டிருக்கிறது.
பையனா பெண்ணா தெரியாது,
டின் மூடியில் பெயரில்லை.
இன்று நாற்பது நெருங்கியிருக்கும்,
எங்காவது ஒரு நாற்காலியில்
வாயைத் திறந்துகொண்டு கிடக்கலாம்.

"தூக்கிப் போடுங்க" என்றார் நிதின் கேல்கர் போனில்.
"கடிபட்டது கணக்கில் வராது.
என்கிட்ட சுத்தமா இருக்கு, ஒண்ணு நாப்பது ரூபாய்."
யோசிக்கிறேன் என்றேன்.

ராத்திரி ஒரு மணி.
படப்புத்தகத்தில் பதினாலாம் பக்கம்.
அந்த இரண்டு தகடும் தனித்தனியே வேண்டும்.
நகம் ஒன்று போயிற்று.
வெண்ணெய்க் கத்தி வழுக்கிற்று.
நெம்பி எடுக்க மூன்று வகைக் கருவி வைத்திருக்கிறேன்,
மூன்றும் சயானில்.
சம்பத் தூங்குகிறானா என்று எட்டிப் பார்த்தேன்.
ஃப்ரிட்ஜ் மட்டும் விழித்திருந்தது.

வைத்துக் கடித்தேன்.
பிஸ்கட் டின் வாசமும்
லேசாக மருந்துக் கசப்பும்.
டக்.

விளக்கடியில் கொண்டுபோனேன்.
அந்த இடைவெளியில் இப்போது ஒரு பள்ளம்,
மற்றதைவிட அகலம்.

நீர்மட்டத்துக்குக் கீழே,
அடிப்பலகையில் வைத்து அழுத்தினேன்.
பக்கம் பதினைந்து.