அரைப்புள்ளி

நகரச் சிவன் கோவில் நோட்டோடு வந்த வயிரவன்
செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னான்:
"ஆச்சி, இந்த வருசத்திலேர்ந்து ஒங்களுக்கு
அரைப்புள்ளி. பாதி குடுத்தாப் போதும்."
தள்ளுபடி தருகிற
ஜவுளிக்கடைக்காரன் குரல் அவனுக்கு.

கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி,
ஒருவர் போனால் அரை.
கோனாபட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.
சாத்தப்பன் – உண்ணாமலை என்றிருந்ததில்
முதல் பெயரைக் கோணலாக அடித்தான்.
ஸ்கேல் வைத்திருக்கலாம்.

நாற்பத்தெட்டு வருஷம் முழுப்புள்ளி.
அதில் முப்பத்தொன்று விஜயவாடா வட்டிக்கடைக்கு.
வருஷத்துக்கு நாற்பது நாள் வீட்டுக்கு.
கூட்டினால் மூன்று வருஷமும் சில்லறையும்.
ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் தந்தி போனது;
மணியார்டர் வந்தது.
அப்போது என்னை யாரும்
அரை என்று எழுதவில்லை.

எண்பத்திரண்டு வைகாசியில்
புதுவயல் கல்யாணத்துக்குப் பெரிய தோட்டைப் போட்டேன்.
வைரம் காதில் ஏறும்போது சில்லென்றிருக்கும்.
இது சும்மா இருந்தது.
மூன்று வருஷம் அந்தக் கண்ணாடியோடு
எல்லா விசேஷத்துக்கும் போனேன்,
விளக்குப் பக்கம் முகத்தைக் காட்டாமல்.
கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவார், அதுதான் பயம்.

பிறகொரு பொங்கலுக்கு முந்தின ராத்திரி
பெட்டகச் சாவி கிணுங்கியது.
தூங்குகிறவள் மாதிரிக் கிடந்தேன்.
வைப்பதற்கு முன்
வேட்டி நுனியால் ஒவ்வொரு கல்லாகத் துடைத்தார்,
இமை இடுக்கில் பார்த்தேன்.
காலையில் காது சில்லென்றது.
"காப்பியில சீனி தூக்கல்" என்றார்.
ஆமாம், தூக்கலாகத்தான் போட்டிருந்தேன்.

கடையை விட்டுவிட்டு வந்த பதினேழு வருஷமும்
சண்டை ஃபேனுக்குத்தான்.
மூன்றுக்கு மேல் வைத்தால் இருமல் வரும் அவருக்கு,
வராவிட்டால் வரவழைப்பார்.

பள்ளத்தூரில் எட்டாவது வரை படித்தவள் நான்.
அரைப்புள்ளி கண்டால் மூச்சு வாங்கிக்கொள்,
வாக்கியம் இன்னும் முடியவில்லை என்பார் டீச்சர்.
வயிரவனிடம் இதைச் சொல்லவில்லை.
மீதி ரூபாயை
எண்ணி வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி ஃபேனை ஐந்தில் வைத்துப் படுத்தேன்.
காலண்டர் தாள் படபடத்தது,
கொசு ஒன்றுகூட இல்லை,
நல்ல காற்று.
மூன்று மணிக்கு எழுந்துபோய்
மூன்றில் வைத்தேன்.
குளிர்தான்.
வேறொன்றுமில்லை.