இடம், ஆள், பொருள், தெரியவில்லை

வண்ணார்பேட்டை பைபாஸில்
உரக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ஏசித் தண்ணீர் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
எனக்கொரு நாற்காலி, ஒரு திரை,
நான்கு பெட்டிகள்:
இடம். ஆள். பொருள். தெரியவில்லை.

பழைய செய்தித்தாள்கள் வரிவரியாக வரும்.
எந்திரம் முதலில் தன் ஊகத்தைச் சொல்லும்.
சரியென்றால் விட்டுவிட வேண்டும்,
தப்பென்றால் திருத்த வேண்டும்.
வரிக்கு நாற்பது பைசா.

‘மூன்றடைப்பில் விவசாயி மரணம்.’
எந்திரம்: பொருள். குறிப்பு, இருதயக் கோளாறு.
‘சேரன்மகாதேவியைக் கடந்தபோது லாரி கவிழ்ந்தது.’
எந்திரம்: ஆள். குறிப்பு, பெண்.
மைதீன் பாத்திமா சிரித்த சிரிப்பில்
தேநீர் விசைப்பலகையில் கொட்டியது.
துடைத்துக்கொண்டே சொன்னாள்:
‘பாவம்ட்டி, அதுக்கு என்ன தெரியும்.
எம் மவன் ரெண்டு வயசுல
ஆட்டையும் நாய்னுதான் சொன்னான்.’

என் பெயரும் ஒருநாள் வந்தது,
ஏதோ ஒரு செய்தியின் அடியில்: இசக்கிவடிவு, நமது நிருபர்.
தெய்வம், என்றது குறிப்பில்.
அதை மட்டும் அன்று
திருத்தாமல் விட்டேன்.

ஆமாம், நிருபராக இருந்தேன்.
பிறகு தலைப்பு எழுதும் மேஜையில் ஆறு வருஷம்.
எட்டுப் பேர் இருந்த மேஜை.
இப்போது அங்கே இருவர்.
தலைப்பு எழுதுவது
இந்த எந்திரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சோற்றுக்குப் பின்
தூக்கம் கண்ணைச் சொருகும் நேரம்
திரையில் வந்து நின்றது:
‘நெல்லை மூழ்கடித்த மழை.’

என் வரி.
அந்த மார்கழி வெள்ளத்தின் முதல் ராத்திரி.
ஜங்ஷனில் இடுப்பளவு என்று படங்கள் வருகின்றன.
இன்வெர்ட்டர் ஒற்றைக் கோட்டில் முனகுகிறது.
இரண்டு பத்தித் தலைப்பு,
பன்னிரண்டு எழுத்துக்கு மேல் இடமில்லை.
கோபாலசமுத்திரத்திலிருந்து மதினி போனில்:
‘பிசானம் நட்டு இருவது நாளு.
வயலும் தெரியல, வரப்பும் தெரியல’
என்றாள், பிறகு லைன் இல்லை.
பதினொரு எழுத்தில் முடித்து அனுப்பினேன்.

எந்திரம் கேட்கிறது:
நெல்லை. இடமா, பொருளா?

இடத்தைத் தொட்டேன். அழித்தேன்.
பொருளைத் தொட்டேன்.
மதினியின் வயல் வந்தது, ஜங்ஷன் போய்விட்டது.
அதையும் அழித்தேன்.
ஒரு வரிக்குப் பன்னிரண்டு நொடிதான் கணக்கு.
நான் நாலு நிமிஷமாக உட்கார்ந்திருந்தேன்,
வாளி நிரம்பி வழிந்ததுகூடத் தெரியாமல்.
எழுதினவளே கடைசியில் அழுத்தினாள்:
தெரியவில்லை.

மதிப்பெண்ணில் புள்ளி மூன்று குறைந்தது.
சென்னையிலிருந்து ஒரு பையன் கேட்டான்:
‘இது சிம்பிள் லொக்கேஷன்தானே மேடம்?’
ஆமாம் தம்பி, என்றேன்.

ஆனி மாதத்துக்குள் அது தப்பு செய்வதை நிறுத்திவிட்டது.
சரி, சரி, சரி என்று
விட்டுக்கொண்டே போனோம்,
சரிக்கு இருபது பைசாதான் என்று அப்போது மாற்றிவிட்டார்கள்.
வெள்ளிக்கிழமை செய்தி வந்தது:
தமிழ் வரிகள் முடிந்தன,
உங்கள் பங்களிப்புக்கு நன்றி,
நாற்காலிகளைத் திங்களன்று எடுத்துக்கொள்வார்கள்.
மைதீன் பாத்திமா வாளியைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள்.
‘அவன்ட்ட கேக்கணுமாக்கும்’ என்றாள்.

இறங்கும் முன் ஒருமுறை
அந்த வரியைத் தேடிப் பார்த்தேன்.
இடம், தொண்ணூற்றேழு சதவீதம்.
மீதி மூன்றை
என்ன செய்தது என்று போடவில்லை.

வள்ளியூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
‘மூணடைப்பு ஒண்ணு’ என்றேன்.
கண்டக்டர் என் நெஞ்சைப் பற்றி
ஒன்றும் விசாரிக்கவில்லை.
கிழித்துக் கொடுத்துவிட்டு
சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்கோங்க என்று
சீட்டின் பின்னால் எழுதினார்:
4.