ஓர் அங்குலம்

ஜம்பட்டா வீதிக் கடைக்குச்
சட்டம் போட வந்தது வயல்.
கிறீன் பாத் நடைபாதையில் வாங்கியதாம்.
காரின் பின்னிருக்கையில் படுக்கவைத்துக்
கொண்டுவந்தார் திருமதி சுகிர்தவதி,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.

கிட்டப் போனால் வயலே இல்லை.
பச்சை அப்பிய கத்தியின் அவசரம்,
கடதாசி தெரிகிற இடமெல்லாம் தண்ணீர்.
மூன்றடி தள்ளி நின்றால்
நாலு பெண்கள் குனிந்து நாற்று நடுகிறார்கள்.
நாலடியில் ஐந்தாவது ஒருத்தி.
இல்லை, அது கொக்கு.
முகம் எவருக்கும் இல்லை,
இடுப்பு மட்டும் வலிக்கிற மாதிரி இருக்கிறது.

வரம்போரம் லேண்ட்மாஸ்டர்:
ஒரே இழுப்பில் சிவப்பு,
கைபிடிக்கு இரண்டு கறுப்புக் கோடு.
அதன் நிழலில் ஒருவன்
சோற்றுப் பார்சல் பிரிக்கிறான்.
லஞ்ச் சீட் என்றேன் நான்.
வாழையிலை அக்கா, என்றான்
கண்ணாடி வெட்டும் ரொஷாந்த்.
ஒரு வெள்ளைப் பொட்டுக்காக
மத்தியானம்வரை நாங்கள் கதைக்கவில்லை.

எனக்கு வயல் தெரியாது.
நெல்லை முதலில் கண்டது
ஒரு கலியாண வீட்டு நிறைகுடத்தடியில்.
கீரிச் சம்பா கிலோ என்ன விலை,
எந்தக் கடையில் கல் கூட,
அதைக் கேட்டால் சொல்வேன்.

வலப்பக்க விளிம்பில் இன்னொருவன்,
பெருவிரல் அளவு.
முதுகில் நீலத் தாங்கி,
முகத்தைச் சுற்றிப் பழைய சேட்டு.
மருந்தடிக்கிறான்.
முழுப் படத்திலும்
அவசரப்படாமல் வரைந்தது அவனைத்தான்:
வார் தோளில் பதியும் இடம்,
சேற்றில் இறங்கிய வெறுங்கால்.

அவர் விரலால் அளந்து பார்த்தார்.
"இந்த நீலம் எங்கட சோபாவுக்கு ஒத்துவராது.
மவுண்டுக்குள்ள போகட்டும்,
ஓர் அங்குலந்தானே."

என் அபிப்பிராயத்துக்கு இங்கே விலை இல்லை;
சட்டத்துக்கு, அடிக்கு இவ்வளவு என்று உண்டு.
நாற்பத்தைந்து பாகையில் மூலை வெட்டி
அட்டையை வைத்து அழுத்தினேன்.
பெண்கள் நடுவுக்கு வந்தார்கள்,
வானம் கொஞ்சம் உயர்ந்தது.
அழகாய்த்தான் இருந்தது,
அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

அவனை நான் வெட்டவில்லை.
அட்டைக்கு அடியில் அப்படியே நிற்கிறான்,
சட்டத்துக்கு உள்ளே, படத்துக்கு வெளியே,
தாங்கியில் பாதி மருந்து மிச்சம்.

கடற்காற்று ஊர் இது.
கண்ணாடிக்குள்ளும் பூஞ்சணம் பூக்கும்.
இரண்டு மூன்று மழை போனால்
எப்படியும் ஒருநாள் திறக்க வேண்டிவரும்,
இந்தக் கடையோ, வேறு கடையோ.

பின்பலகையில் பென்சிலால்
வலப்பக்கம் ஓர் அம்புக்குறி போட்டேன்.
பில் எழுதி, காசு எண்ணி,
ஓட்டோவுக்குக் கைகாட்டும்போதுதான் உறைத்தது:
பின்னாலிருந்து பார்த்தால் அவன் இடப்பக்கம்.

ஓடிப்போய் அழித்து
மாற்றிப் போட்டேன்.