வெள்ளெழுத்து

மூன்று இரவும் கப்பலில் வாந்தி.
நான்காம் நாள் காலை மாலுமி "அதோ" என்றான்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
மைனஸ் நாலரை, கண்ணாடியில் உப்பு வேறு.
பிறகு ஒரு கோடு வந்தது.
கோட்டின் மேல் சீப்புப் பல்லாகத் தென்னை.
அவ்வளவுதான் அகலேகா.
மலை இல்லை, ஒரு மேடுகூட இல்லை.
ரோஸ்ஹில்லில் பிறந்தவளுக்குக்
கண்ணை எதன் மேல் சாய்த்துவைப்பது என்று புரியாது.

பெட்டியை முதலில் படகில் இறக்கினார்கள்,
அப்புறம் என்னை.
பெட்டிக்குள் இருநூறு மூக்குக்கண்ணாடி,
கடையில் விலைபோகாத சட்டங்கள்,
பாதிக்குமேல் இளஞ்சிவப்பு.
"விடியுமுன்னே உங்கள் விளக்கைப் பார்த்தாயிற்று"
என்றார் துடுப்புப் போட்ட ஒனெஸிம்.
எழுபது வயது.
என் தொழிலுக்கு அது நல்ல சகுனமில்லை.

பள்ளிக்கூடச் சுவரில் அட்டையை மாட்டினேன்.
எழுத்துத் தெரியாதவர்களுக்கான அட்டை,
நான்கு திசையிலும் திரும்பித் திரும்பி நிற்கும் ஒரே எழுத்து.
வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது?
வலம் இடம் என்று யாரும் சொல்லவில்லை.
"கடல் பக்கம்."
"கொப்பரைக் கிடங்குப் பக்கம்."
"கடல். கிடங்கு. வானம். மறுபடி கடல்."
கடைசி வரி வரைக்கும்,
அதற்கும் கீழே அச்சகத்தின் பெயர் வரைக்கும்.
ஒரு பையன் அட்டையில் ஊர்ந்த எறும்பையும் சேர்த்துச் சொன்னான்.

தூரம் இவர்கள் சொத்து.
கைக்கெட்டியதுதான் கலங்கியிருந்தது.
நாற்பது தாண்டினால் ஊசி கலங்கும், மீன்முள் கலங்கும்,
பேரப்பிள்ளையின் தலையில் பேன் கலங்கும்.

இரண்டாம் நாள், நீர் வற்றியபோது,
பெட்டியைத் தலையில் வைத்து
முழங்கால் கடலில் தென்தீவுக்கு நடந்தோம்.
அங்கேதான் எர்மீன் வந்தாள்.
தேங்காய் உடைக்கிற கை, விரலெல்லாம் பழைய வெட்டு.
பிளஸ் இரண்டரை போட்டுவிட்டு
வாசிப்பு அட்டையை நீட்டினேன்.
தள்ளிவிட்டாள்.
ரவிக்கைக்குள்ளிருந்து
வியர்வையில் வளைந்த கணக்குப் புத்தகத்தை எடுத்தாள்,
தீவில் உள்ள ஒரே கடையின் புத்தகம்.
விரல் வைத்துப் படித்தாள்.
அரிசி. சோப்பு. மண்ணெண்ணெய்.
ரம், இரண்டு போத்தல்.
ரம், இரண்டு போத்தல்.
முதலில் சிரித்தாள்.
"மதாம் லினெட், நான் ரம் தொட்டதே இல்லை" என்றாள்.
பிறகு சிரிக்காமல் பக்கத்தைத் திருப்பினாள்.

சாயங்காலம் வரிசை நீண்டது.
எல்லார் கையிலும் ஒரு புத்தகம்.
இளஞ்சிவப்பை யாரும் குறை சொல்லவில்லை.
ஃபிலிபேர் தாடிக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு
உரக்க, பூசையில் படிப்பதுபோல்,
தன் கடனை ஊருக்கெல்லாம் படித்தார்.

அன்றிரவு மேலாளர் வீட்டில் சாப்பாடு.
ஆக்டோபஸ் குழம்பு, வெள்ளைத் துணி விரித்த மேசை.
"கிட்டத்தில் படிக்கிற கண்ணாடி இன்னும் எத்தனை இருக்கிறது?"
மிஸ்யே பெல்ரோஸ் பணிவாகத்தான் கேட்டார்.
"தீர்ந்துவிட்டது" என்றேன்.
என் படுக்கையின் கீழே பத்தொன்பது இருந்தன.
அவர் ரசீது ஒன்றைக் கை நீளும் தூரம் நீட்டி,
இன்னும் நீட்டி,
விளக்கருகே கொண்டுபோய்க்
கண்ணைச் சுருக்கினார்.

ஐயோ.
அவருக்கும் வெள்ளெழுத்து.

அப்படியென்றால் எர்மீன் கணக்கில் ரம் எழுதியது
அவர் கையா, கண்ணா?
குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.
நான் கேட்கவில்லை.
கண்ணாடியும் கொடுக்கவில்லை.
பத்தொன்பதையும் விடிகாலையில் ஒனெஸிமிடம் கொடுத்தேன்.
செய்தது சரியா என்று இன்றுவரை தெரியாது.

கப்பல் திரும்பியது.
கரையில் யார் யாரோ நின்றார்கள், கையசைத்தார்களா தெரியாது.
கால்மணி நேரத்தில் எனக்குக் கோடும் போய்விட்டது.
அவர்களுக்கு மட்டும்
நான் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன் என்பதுவரை
நெடுநேரம் தெரிந்திருக்கும்.

அறிக்கையில் எழுதினேன்:
பரிசோதித்தவர்கள் நூற்று நாற்பத்து மூன்று.
தூரம் தெரியாதவர், ஒருவர்.
பெயர்க் கட்டத்தில் என் பெயரை.