கொப்பி அடுக்கு

நாலரைக்கு நிலாவெளியிலிருந்து பஸ் இல்லை.
மீன் லொறியில் ஏறி வந்து
முதல் ஆளாய்க் கொப்பியை வைத்தேன்,
கிளினிக் வாசல் மரப்பெட்டிக்குள்.
அதன் மேல் றகுமத்தும்மா, மூதூர்.
அதன் மேல் கந்தளாய். அதன் மேல் தம்பலகாமம்.
விடிய விடிய அடுக்கு வளர்ந்தது.

எட்டு மணிக்குச் சிற்றூழியர் வந்தார்,
மேலிருந்து எடுக்கத் தொடங்கினார்.

நூற்றுப் பதினேழு பேருக்கு அடியில்
நான் கிடந்தேன்.
என்ன அண்ணை இது என்றால்
"எல்லாரையும் பாப்பினம்தானே."
பொய் இல்லை. எல்லாரையும் பார்த்தார்கள்.

டாக்டருக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சம்.
இரவில் துறைமுகத்துக் கப்பல் ஊதேக்க
படியில்லாத இடத்தில காலை வச்சமாதிரி
நெஞ்சு ஒருக்காத் தவறி இறங்குது, என்றேன்.
பின்னால் நின்ற குசுமலதா
அதை மூன்று சிங்களச் சொல்லாய் மடித்துக் கொடுத்தா.
அவர் அதை ஓர் ஆங்கிலச் சொல்லாக்கி
கோடு இழுத்தார்.
கப்பல் எந்தப் பாஷையில் இறங்கிக்கொண்டதோ.

காசு ஒருவரும் கேட்கவில்லை,
லொறிக்காரன்கூட.
உப்புவெளி ஹோட்டலில்
இன்றைய படுக்கை விரிப்புகளை வேறொருத்தி தோய்க்கிறாள்,
என் கூலி அவளுக்கு.
குளிசை மூன்றில் இரண்டு இருந்தது.
மூன்றாவதை வெளியில வாங்கட்டாம்.

எக்கோவுக்குத் தேதி: ஐந்து மாதம் கழித்து.
கொப்பிக்குப் போட்ட உறை
சோதிலிங்கம் ஸ்டோர்ஸ் கலண்டர்.
கேற்றடியில் நின்று சும்மா தேடினேன்,
அந்த நாள் சிவப்பு.
போயா.
ஓடிப் போனால் யன்னல் பூட்டு.
திரும்பி வந்தால்
மான் ஒன்று
யாரோ போட்ட நம்பர் துண்டை
ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது.
எத்தனையாம் நம்பரோ, அதற்கு அவசரமில்லை.

அடுத்த மாதம், தேதி மாற்ற,
விசயம் தெரிந்தவளாய்
எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்க
எல்லாருக்கும் மேலே வைத்தேன்.
றகுமத்தும்மா கண்டா. ஒன்றும் சொல்லவில்லை.
அன்றைக்குப் புது மிஸ்ஸி.
இரண்டு கையாலும் அடுக்கைத் தூக்கி
ஒரே புரட்டு.

முதல் கூப்பிட்டது மூதூரை.
உள்ளே போய் வந்து, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தி
அவ சிரித்த சிரிப்பில்
வாங்கு ஆடியது.
பஸ் பத்தரைக்குத்தானாம்.
பையிலிருந்து பணிஸ் ஒன்றை எடுத்துப்
பிய்த்தா.
பெரிய பாதி எனக்கு.
"நீ இருக்கப்போறாய் பின்னேரம் மட்டும்."