வெளித்தோற்றத்தில் நல்ல நிலையில்

இருபத்திரண்டு வருடம்
பாலார்ட் எஸ்டேட்டில், இரண்டாவது மாடியில்
கப்பல்களுக்குக் காகிதம் எழுதினேன்.
வெங்காயம், கிரானைட், தைத்த சட்டைகள்,
ஒருமுறை நாற்பது பியானோ.
எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வரி:
'வெளித்தோற்றத்தில் நல்ல நிலையில் பெறப்பட்டது.'
கப்பலைத்தான் பார்த்ததில்லை.
என் ஜன்னலுக்கும் கடலுக்கும் நடுவே
இன்னொரு கட்டடம்
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

விடுப்பை விற்ற பணத்தில் டிக்கெட் போட்டேன்.
கோவாவைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள்.
மூன்று நாளைக்கு எதற்கு ஒன்பது சட்டை என்றேன்.
"கேப்டன் பார்ப்பாருல்ல" என்றார் சபேசன்.
முழங்கால் தண்ணீருக்கே வேட்டியை இறுகப் பிடிப்பவர்.

ஒரு வாரம் பெட்டி கட்டிலில் வாயைத் திறந்தே கிடந்தது.
போகிறபோது வருகிறபோது எதையாவது போட்டோம்:
வாந்தி மாத்திரை, எலுமிச்சம்பழம், பருப்புப்பொடி,
வாங்கி உடுத்தாத மஞ்சள் சுடிதார்.
செம்பூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு தொப்பி வாங்கினேன்,
அகல விளிம்பு, நீல நாடா.
யாரும் இல்லாத நேரம் அதைப் போட்டுக்கொண்டு
ரசம் கொதிக்கக் காத்திருந்தேன்.

டாக்ஸி வடாலாவைத் தாண்டும்போது கேட்டேன்:
கேஸை மூடினேனா?
"மூடியிருப்ப."
மூடியிருப்பாய் வேறு
மூடினாய் வேறு.
சாவி ஒன்று நிகால்ஜே அக்காவிடம் இருக்கிறது.
போன் அடித்துக்கொண்டே இருந்தது.
செவ்வாய்க்கிழமை, கோயில் வரிசையில் நிற்பாள்.
செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்.

துறைமுகத்தில் பெட்டிகளை இயந்திரம் விழுங்கியது,
எங்களுடையதை மட்டும் மறுபடி கக்கியது.
ஒன்பது சட்டைகளுக்கு அடியிலிருந்து
அதிகாரி ஒரு மின்சாரக் கெட்டிலை வெளியே எடுத்தார்.
சபேசன் கூரையைப் பார்த்தார்.
"ராத்திரி ஒரு சுக்குக்காப்பி…" என்று தொடங்கி விட்டுவிட்டார்.
ரசீது எழுதினார்கள்: கெட்டில், ஒன்று.
மீதி வரியை நான் மனதுக்குள் எழுதி முடித்தேன்.
பிறகு எங்களையும் படமெடுத்து
எண் போட்டு
கழுத்தில் அட்டை மாட்டி
ஏற்றினார்கள்.

ஏழாவது தளம், உள் அறை, இருப்பதிலேயே மலிவு.
திரைச்சீலை தொங்கியது.
ஆசையாக விலக்கினேன். சுவர்.
யாரோ அளவெடுத்து, மடிப்பு வைத்து,
சுவருக்குத் திரை தைத்திருக்கிறார்கள்.
பொய்தான்.
ஆனாலும் இஸ்திரி போட்ட பொய்.

மூன்று மணிக்கு அபாய ஒத்திகை.
ஆரஞ்சு மிதவைச் சட்டையில்
உல்லாஸ்நகர் புதுமாப்பிள்ளை செல்ஃபி எடுக்கிறான்,
எல்லோரும் சிரிக்கிறார்கள்.
சபேசன் மட்டும் கை தூக்கி
படகில் மொத்தம் எத்தனை இடம் என்று கேட்டார்.
சொன்னதும் உதடு அசைய வகுத்துப் பார்த்தார்.

கிளம்பியதை எனக்குத் தேநீர்தான் சொன்னது.
கோப்பைக்குள் ஒரு பக்கம் லேசாக ஏறி
மறுபக்கம் இறங்கியது.
மேல் தளத்துக்கு ஓடினேன். செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது.
அங்கே, கிரேன்களுக்குப் பின்னால்,
அந்தக் கட்டடம்.
அதற்கு முகம் இருந்தது.
பச்சை அடித்த ஜன்னல்கள், ஒரு புறாக்கூட்டம்,
மூன்றாவது மாடியில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு
கப்பலைப் பார்க்கிற ஒருத்தி.
கையை ஆட்டினேன்.
அவள் ஸ்பூனை ஆட்டினாள்.

கொலாபா ஒடுங்கிக் கோடாயிற்று.
சபேசன் ஒரே தட்டில்
தயிர்சாதமும் சாக்லேட் கேக்கும் எடுத்து வந்தார்.
இருட்ட இருட்ட வடக்கே மாகுல் பக்கம்
எண்ணெய் ஆலையின் சுடர் தெரிந்தது,
எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரில் எரிவது.
எத்தனையோ வருடமாக
ஒருவரும் மூடாத அடுப்பு.

போன் ஒருமுறை அதிர்ந்தது.
டிக் இரண்டானது.
நிகால்ஜே அக்கா எழுதுகிறாள் என்று காட்டியது.
எழுதுகிறாள்.
எழுதுகிறாள்.
அதற்குள் கோபுரங்கள் தீர்ந்துபோயின,
அந்த ஒரு சொல் திரையில் அப்படியே நின்றது.

சூரியன் எப்போதோ போய்விட்டது.
தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.